நூலகத்தில் ஸ்பேனரும் இரவல் கிடைக்கட்டும்



நான் உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரன். இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் மோட்டார் கொட்டகையிலும் உடைந்து, துருப்பிடித்துக் கிடக்கிற சாமான்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அதோடு சேர்த்து நூலகத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்க, சொல்கிறேன்.

ஒரு தை மாதம். ஒட்டுக்கன்று வைத்து நாலாவது வருஷம், மரம் ஆள் உயரம் வந்து நல்ல பூ. அந்த நேரம் பார்த்துத் தளிரிலும் பூங்கொத்திலும் தேயிலைக் கொசு விழுந்துவிட்டது. அது சாறு உறிஞ்சினால் பூங்கொத்து நெருப்புப் பட்டது போலக் கருகிப்போகும் என்பது முந்திரி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மருந்து வாங்கி வந்தாயிற்று. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி அடித்துப் பார்க்கிறேன், அழுத்தம் ஏறவே இல்லை. நாசிலில் இருந்து மருந்து புகையாக வராமல் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். கடைக்காரர் தெளிப்பானைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது பழைய மாடலுங்க, பார்ட் வராது. புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். கையில் பணமில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் தெளிப்பானைக் கேட்டால் அவருக்கும் அதே பூச்சி, அதே அவசரம். இப்படியே ஒன்பது நாள் ஓடிப்போயிற்று. பத்தாவது நாள் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பிரித்தார். உள்ளே பிஸ்டனில் இருந்த தோல் வாஷர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. ராத்திரி முழுக்க விளக்கெண்ணெயில் ஊறப்போட்டார். காலையில் வாஷர் உப்பி, குழலை ஒட்டி நின்றது. தெளிப்பான் பழையபடி அடித்தது. "என்னடா தம்பி, இதுக்கா ஒன்பது நாளு?" என்றார். நான் என்ன பதில் சொல்வேன்? பூவில் பாதி போய்விட்டது. அந்த வருஷம் கொட்டை பொறுக்க ஆள் வைக்க வேண்டிய வேலையே வரவில்லை.

எனக்குப் பணமும் பார்ட்டும் குறைவு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பிரிப்பதற்கு ஒரு ஸ்பேனர், பிரித்தால் திரும்பப் பூட்டலாம் என்கிற தைரியம், கேட்பதற்கு ஓர் ஆள், இந்த மூன்றும்தான் என்னிடம் இல்லை.

நம் வீடுகளில் என்ன கருவி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முனை மழுங்கிய ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல். மோட்டார் பேரிங் கழற்ற வேண்டுமானால் உளியை வைத்து அடிக்கிறோம். பேரிங்கோடு சேர்ந்து ஷாப்டும் கெட்டுப்போகிறது. பேரிங் புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை மாட்டித் திருகினால் நோகாமல் கழன்று வரும். ஆனால் ஒரு விவசாயிக்கு அது எத்தனை தடவை தேவைப்படும்? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. மெக்கர் என்கிற மீட்டரும் அப்படித்தான். மழைக்காலம் முடிந்து மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் காயிலில் ஈரம் ஏறியிருக்கிறதா, கரண்டு கசிகிறதா என்று அது சொல்லிவிடும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது, காயவைக்க வேண்டும். இது தெரியாமல் சுவிட்சைப் போட்டுக் காயிலை எரித்துவிட்டு, ரீவைண்டிங் செலவுக்கு நகையை அடகு வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த மீட்டரை ஒரு வீட்டுக்கு ஒன்று வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும்.

முன்காலத்தில் ஊருக்கு ஒரு பட்டறை இருந்தது. கொழு அடிக்க, அரிவாளுக்குப் பல் வைக்க, வண்டிக்குப் பட்டை போட எல்லாவற்றுக்கும் கொல்லர் இருந்தார், தச்சர் இருந்தார். கூலி வருஷத்துக்கு இவ்வளவு என்று களத்தில் நெல்லாகவோ கம்பாகவோ அளந்தார்கள். ஒரே கலப்பையைப் பத்துத் தடவை பழுது பார்த்தாலும் அதே கூலிதான். ஆகையால் சாமான் நீண்ட நாள் உழைப்பதில்தான் கொல்லருக்கும் லாபம். இன்றைக்குக் கடைக்காரருக்கு அது சீக்கிரம் கெட்டால்தான் லாபம். அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவரைக் களத்துக்கு வெளியே நிற்கவைத்துக் கூலி அளந்த ஏற்பாடும் அதுதானே? அது போனது போனதாகவே இருக்கட்டும். ஆனால் ஊருக்குள் ஒரு பட்டறை வேண்டும் என்கிற தேவை மட்டும் போகவில்லை.

அந்தப் பட்டறையை எங்கே வைப்பது? நூலகத்தில் வைக்கலாம் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

சிரிக்காதீர்கள். நூலகம் யாருடையது? இந்தியா சுதந்திரம் அடைந்த மறு வருஷமே, 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையது. அந்தச் சட்டப்படி நீங்கள் வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். படிக்கத் தெரிந்தவரும் கட்டுகிறார், தெரியாதவரும் கட்டுகிறார். எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பணம் கொடுத்துவிட்டு, "நூலகமா, அது படிச்ச பிள்ளைங்க போற எடம்" என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம்.

அது மட்டுமல்ல. 2006-07 முதல் ஐந்து வருஷத்தில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் ஊராட்சி நூலகம் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்லபடியாக நடக்கிற ஊர்களும் உண்டு. கதவுக்கு முன்னால் நெல் காயப்போடுகிற ஊர்களும் உண்டு. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், யாரையும் குற்றம் சொல்லவில்லை. கட்டடம் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஊர் நடுவில் இருக்கிறது. வாங்கிப் போனது யார், என்றைக்குத் திருப்ப வேண்டும் என்று நோட்டில் எழுதி, வாங்கிக்கொள்ளுகிற பழக்கமும் அங்கே இருக்கிறது. கருவியை இரவல் கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

நூலகம் குடியானவனைத் தேடி வந்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அன்றைய தஞ்சை ஜில்லாவில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் என்கிற ஊர். அங்கே 1931-ஆம் வருஷம் கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக மாற்றினார். நம் சாதாரண வண்டிதான், அதில் புத்தகம் அடுக்கிக் கிராமம் கிராமமாக ஓட்டினார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டதும் அதே 1931-இல்தான். பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே புத்தகம் என்பதைத்தான் அவர் முதல் விதியாக வைத்தார். நூலக வண்டியைச் செய்தவர் ஓர் என்ஜினீயர் என்பதைக் கவனியுங்கள். பட்டறை வேலையும் நூலக வேலையும் அன்றைக்கே ஒன்றாகச் சேர்ந்துதான் இருந்தன.

இப்போது வெளிநாடுகளில் இதற்கு மேக்கர் ஸ்பேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பட்டறை என்றே சொல்லுவோம். அமெரிக்காவில் பெர்க்லி என்கிற ஊரின் பொது நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுக்கிறது. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரத்தில் 2018 டிசம்பரில் ஓடி என்று ஒரு பெரிய நூலகம் திறந்தார்கள், அங்கே தையல் மிஷினே வைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் ரிப்பேர் கஃபே என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். சாமானைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து திருகாணியைப் பிடிக்க வேண்டும். அடுத்த தடவை நீங்களே செய்துகொள்வீர்கள் அல்லவா?

அதெல்லாம் பணக்கார ஊர்க்காரர்கள் சமாசாரம் என்று தோன்றலாம். அப்படியானால் பாபல் ஊரைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்தில், நம் செம்மண் காடு மாதிரியே மழை குறைந்த வறட்சிப் பகுதியில் இருக்கிற கிராமம் அது. டாக்டர் கல்பாக் என்கிற விஞ்ஞானி, பெரிய கம்பெனியின் ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு, 1983-இல் அங்கே போய் விஞ்ஞான ஆசிரமம் என்று ஒன்று தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் தேறாத பையன்களையும் சேர்த்துக்கொண்டு வெல்டிங், மின்சார வேலை, பயிர் வேலை, கால்நடை வேலை எல்லாம் செய்துகொண்டே படிக்க வைத்தார். பழைய ஜீப்பின் பாகங்களை வைத்துச் சிறு டிராக்டர் ஒன்றை அங்கேயே செய்தார்கள். பிறகு 2002-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தார் கம்ப்யூட்டர் சொன்னபடி அறுக்கிற, குடைகிற மிஷின்களோடு ஒரு பட்டறையை அந்தக் கிராமத்தில் அமைத்தார்கள். ஃபேப் லேப் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற ஃபேப் லேப்களில் அது ஆரம்ப காலத்தியது. அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? டீசல் எஞ்சினின் டைமிங்கைச் சரிபார்க்க ஒரு கருவி, பாலின் தரம் பார்க்க ஒரு கருவி. நம் ஊரில் கேட்டாலும் அதையேதான் கேட்போம்.

சரி, நம் தாலுக்காவில் எப்படித் தொடங்குவது? எடுத்ததும் மிஷின் வேண்டாம். ஒரு மரப் பெட்டி போதும். 6 மில்லி முதல் 32 மில்லி வரை ஸ்பேனர் செட், நல்ல திருப்புளிகள், பிளக் ஸ்பேனர், பேரிங் புல்லர், கிரீஸ் கன், மல்டிமீட்டர், ஒரு மெக்கர், பற்றவைக்கிற சால்டரிங் அயன், மேஜையில் மாட்டுகிற ஒரு வைஸ். நூறு வீடு ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் பத்தாயிரம் ஆயிற்று. மெக்கரை அடுத்த வருஷம் முந்திரி விற்றபின் வாங்கலாம். ஊரை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் சும்மா கிடக்கிற கருவிகளையும் கேட்டு வாங்குங்கள்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி நூலகத்தில் ஒரு மூலையும் ஓர் அலமாரியும் ஞாயிற்றுக்கிழமை சாவியும் கேளுங்கள். உடையார்பாளையம் பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. அங்கே பொது நூலகத் துறையின் நூலகத்தை நாட வேண்டும். அந்த நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு, அதில் நீங்களும் சேரலாம். வாசகர் வட்டம் மூலமாக மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள். நூலகரின் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிடாதீர்கள். அவருக்கு இருக்கிற சம்பளத்துக்கு இருக்கிற வேலையே அதிகம். கருவி நோட்டை ஊர் ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம்னு பழமொழியே இருக்கு, இரவல் கருவி திரும்பி வருமாய்யா?" என்று எங்கள் ஊரில் ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் பெயிண்டில் நம்பர் போடுங்கள். சுவரில் ஒரு பலகை அடித்து, கருவியின் உருவத்தை அதில் வரைந்து, அந்த இடத்திலேயே மாட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் வெற்று உருவம் எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் தவணை, விதைப்புக் காலத்தில் ஒரு நாள். உடைத்துவிட்டவர் மறைக்காமல் சொன்னால் அபராதம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அபராதத்துக்குப் பயந்துதான் ஜனங்கள் உடைந்ததை ஒளித்துவைக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, மருந்து தெளிப்பானைக் கழுவாமல் நூலகத்துக்குள் கொண்டு வரவே கூடாது. அங்கே குழந்தைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கொல்லையிலேயே மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் கொட்டிவிட்டு வாருங்கள். வேலையையும் வெளியே வேப்பமரத்தடியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். இரண்டாவது கரண்டு. மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "யாரும் போடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியவர்கள் திரும்பி வராததை நாம் பார்த்திருக்கிறோம். மின்கம்பத்து வேலை வாரியத்து ஆட்களுடையது, அதில் கைவைக்கவே வேண்டாம்.

முதல் ஞாயிறு தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அழுத்தம் ஏறாவிட்டால் முதலில் வாஷரைப் பாருங்கள். தோல் வாஷரானால் எண்ணெயில் ஊறவைக்கலாம். ரப்பர் வாஷரானால் மண்ணெண்ணெய், பெட்ரோல் படவே கூடாது, உப்பி இற்றுப்போகும். அதை மாற்றத்தான் வேண்டும். அடுத்தபடி வால்வில் இருக்கிற குண்டையும் அதன் இருக்கையையும் பாருங்கள், மருந்துக் கசடு ஒட்டியிருந்தால் குண்டு உட்காராது. தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் குற்றம் நாசிலில். நாசில் அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? வாயில் வைத்து ஊதுகிறோம், அல்லது ஊசியால் குத்துகிறோம். ஊதினால் விஷம் உள்ளே போகும். குத்தினால் துவாரம் பெரிதாகி அன்றிலிருந்து மருந்து கூடுதலாகச் செலவாகும். பழைய பல் துலக்கும் பிரஷால் தண்ணீரில் தேயுங்கள், போதும். மருந்தை ஊற்றும்போது வடிகட்டியைக் கழற்றி வைத்துவிடுகிற பழக்கம் இருக்கிறதே, பாதி அடைப்பு அதனால்தான் வருகிறது. பேட்டரித் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்த அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். தெளிப்பு இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு தடவை போட வேண்டும். காலியாகப் பரணில் கிடந்த பேட்டரி அடுத்த பட்டத்துக்கு எழுந்திருக்காது. செத்துப்போன பேட்டரியைக் குழந்தைகள் உடைத்து விளையாட விடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சொல்லிக்கொடுக்க ஆள்? அரியலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சோழமாதேவியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களையும் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்கலாம். நம் பக்கத்துத் தறிக்காரர்களை விட்டுவிடாதீர்கள். தறியில் எது பிசகினாலும் குழிக்குள் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துச் சரிசெய்கிறவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை நம் மாதிரி காட்டுக்காரர்களுக்கு வராது. தாய்மார்களும் வர வேண்டும். தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மிஷினை விற்க வேண்டியதில்லை. பல நேரம் ஊசியைத் திருப்பி மாட்டியதுதான் குற்றமாக இருக்கும்.

பார்ட் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். 2022 டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. கார், வீட்டுச் சாமான், செல்போன் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கம்பெனிகள் தங்கள் கருவியின் கையேடு, உதிரிப் பாகம், சர்வீஸ் சென்டர் விவரங்களை அதில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாக் கம்பெனியும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கேட்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருக்கிற நூலகத்தில் உங்கள் மாடல் நம்பரைச் சொல்லிக் கையேட்டை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைப் பைண்டு செய்து அலமாரியில் வைத்துவிட்டால் அதுவும் ஒரு புத்தகம்தான், அடுத்தவருக்கும் உதவும். கம்பெனியோ கடையோ ஏமாற்றினால் 1915 என்கிற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம்.

முந்திரி பூக்கத் தையில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால், இந்தக் கார்த்திகை மார்கழியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து உங்கள் ஊர் நூலகத்து வாசலில் கூடுங்கள். தெளிப்பானைக் கழுவி எடுத்து வாருங்கள். வீட்டில் கொஞ்சம் விளக்கெண்ணெய் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.